கிளட்ச் மிதித்துப் பியானோ வாசித்தவன்

ஆவணிப் பௌர்ணமிக்கு மறுநாள் பிற்பகல் ஒரு தூக்கம் போட்டு எழுந்தபோது, என் இடது கை என்னோடு எழவில்லை.

தூங்கியது பணிமனையில் நின்றிருந்த என் பேருந்தில். நான் அரசுப் பேருந்து ஓட்டுநர், திருவண்ணாமலை–வேலூர் தடம். மலை சுற்ற வரும் கூட்டத்துக்காக இரண்டு நாளாகச் சிறப்புப் பேருந்தும் சேர்த்து ஓட்டியிருந்தேன். சாப்பிட்டதும் இருக்கையில் பக்கவாட்டில் கால் நீட்டி, முதுகுக் கம்பியின்மேல் இடது கையைப் போட்டு, அதன்மேல் தலையைச் சாய்த்தேன். மூன்று மணி நேரம் புரளவே இல்லை. அவ்வளவு நல்ல தூக்கம் அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவில்லை.

முகம் கழுவக் குழாயடிக்குப் போனேன். முழங்கை வரை கை சொன்னபடி கேட்டது. மணிக்கட்டிலிருந்து கீழே வாடிய பூசணி இலை மாதிரி தொங்கியது. மரத்துப்போயிருக்கும் என்று உதறினேன். ஆடியது. ஆடி முடித்துவிட்டு மறுபடியும் தொங்கியது.

என் நடத்துநர் சேகர் பார்த்துவிட்டான். ஏழு வருடமாக என்னோடு ஒரே வண்டியில் வருகிறவன்.

“இன்னாண்ணே, கை இப்படித் தொங்குது? எங்க, சிரிங்க பாக்கலாம்.”

“எதுக்குடா சிரிக்கணும்?”

“பக்கவாதம்னா வாய் கோணிக்குமாம். போன்ல வந்துச்சு. சிரிங்கண்ணே.”

சிரித்தேன். பத்தொன்பது வருடத்தில் பணிமனையில் நான் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அதனால் அது கோணலா, என் சிரிப்பே அப்படித்தானா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மெக்கானிக்குகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடிக்கொண்டிருந்தபோதே சேகர் என்னை ஆட்டோவில் ஏற்றிவிட்டான். அவன் செய்தது சரி. உங்கள் வீட்டில் யாருக்காவது திடீரென்று கை விழுந்தால், பட்டிமன்றம் நடத்தாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பக்கவாதமாக இருந்தால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

மருத்துவர் முகத்தைப் பார்த்தார், பேசவைத்தார், காலைத் தூக்கச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு சொன்னார்:

“பஸ்ஸ நிறுத்தறதுக்குக் கை காட்டுவோம்ல, அந்த மாதிரி காட்டுங்க.”

சாலையோரத்தில் நின்று எனக்குக் கை காட்டிய மக்களைத்தான் பார்த்திருக்கிறேன். நேரமாகிவிட்டது என்று அவர்களில் பாதிப் பேருக்கு நான் நின்றதும் இல்லை. நானே கை காட்டியது அன்றுதான். வலது கை விறைப்பாக நின்றது. இடது கை முன்னால் நீண்டது, ஆனால் உள்ளங்கை எழவில்லை. அந்தக் கைக்கு எந்தப் பேருந்தும் நிற்காது.

“பக்கவாதம் இல்ல, பயப்படாதீங்க. ரேடியல் நரம்பு நசுங்கியிருக்கு” என்றார். (மேல்கை எலும்பைச் சுற்றிக்கொண்டு இறங்கி, மணிக்கட்டையும் விரல்களையும் மேலே தூக்கவைக்கும் நரம்பு அது. அது படுத்துவிட்டால் மடக்க முடியும், நிமிர்த்த முடியாது.) இரண்டு வாரம் கழித்து நரம்புக் கடத்தல் சோதனையும் செய்தார்கள். (தோலின்மேல் சின்னச் சின்ன மின்சாரம் வைத்து, நரம்பு தகவலைக் கொண்டுபோகிறதா என்று பார்ப்பது. எறும்பு கடிப்பது போல இருக்கும். நான் கொஞ்சம் கத்தினேன்.)

“அறுந்து போகல. சில வாரத்துல தானா திரும்பலாம். உள்ள ஜாஸ்தி அடிபட்டிருந்தா புதுசா வளர்ந்து வரணும். அது ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் போலத்தான் வளரும்.”

“ஒரு மணி நேரத்துக்கா சார்?”

“ஒரு நாளைக்கு.”

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கஸ்தூரி தையல் டேப்பை எடுத்து என் கையை அளந்தாள். முந்நூறு மில்லிமீட்டருக்கு மேல் வந்தது. வேலூருக்கு இரண்டரை மணி நேரத்தில் போய்ச் சேருகிறவன் நான். என் நரம்பு மேல்கையில் நசுங்கிய இடத்திலிருந்து மணிக்கட்டுக்கு வர ஒரு வருடம் பிடிக்கும் போலிருந்தது.

பேருந்தில் ஸ்டியரிங்கை எப்படியாவது வலது கையால் சமாளித்துவிடலாம். கியருக்கு இடது கை ஒன்றுதான். கை முழுதாகத் திரும்பிவிட்டது என்று மருத்துவர் சான்று தரவேண்டும். பிறகு காலி வண்டியில் ஓட்டிக் காட்டவேண்டும். அதுவரை விடுப்பு. விடுப்பு தீர்ந்தால் ‘லைட் டூட்டி’, அதாவது நேரக் காப்பாளர் அறையில் உட்கார்ந்து, மற்றவர்கள் வண்டி எடுப்பதைப் பார்ப்பது. மூன்று மாதத்தில் கார்த்திகை தீபம். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து பத்தொன்பது தீபத்துக்கும் நான் வண்டி ஓட்டியிருக்கிறேன். எனக்கு வேறு வேலை தெரியாது. பயந்துபோயிருந்தேன். அதைக் கஸ்தூரியிடம்கூடச் சொல்லவில்லை.

சொல்லாவிட்டாலும் ஊர் வந்தது. எங்கள் வீடு அடி அண்ணாமலையில், மலை சுற்றும் பாதையிலேயே இருக்கிறது. வந்தவர்களெல்லாம் ஆளுக்கொரு எண்ணெய் சொன்னார்கள். எல்லாவற்றையும் தடவிக்கொண்டேன். கை தொங்கியபடியே பளபளத்தது.

*

பிசியோதெரபி (உடற்பயிற்சி வழியே உறுப்பைப் பழக்கும் சிகிச்சை) செய்தவர் ஒரு இளம் பெண். கறாரானவர். முன்கையில் ஸ்பிளின்ட் (மணிக்கட்டு தொங்காமல் தாங்கும் பட்டை) கட்டிவிட்டு, கையை மேசைமேல் வைத்து விரல்களை ஒவ்வொன்றாகத் தூக்கச் சொன்னார்.

“அமுக்கறது உங்களுக்குக் கஷ்டமே இல்ல சார். தூக்கறதுதான் வேலை. தானா வராத வரைக்கும் இன்னொரு கையால தூக்கிவிடுங்க. பத்துப் பத்தா, ஒரு நாளைக்கு ஆறு வாட்டி.”

ஒரு வாரம் செய்தேன். பத்து என்றால் ஆறோடு நிறுத்தினேன். வெறும் மேசையைப் பார்த்துக்கொண்டு விரலைத் தூக்கிவிடுவது போல அலுப்பான வேலை உலகத்தில் இல்லை. அடுத்த முறை போனபோது அவர் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

“டைப் அடிக்கறது, ஆர்மோனியம் வாசிக்கறது, இந்த மாதிரி எதுனா வீட்ல இருக்கா? சத்தம் வந்தா சலிக்காது.”

“எங்க வீட்ல ஏது மேடம் அதெல்லாம்” என்றேன்.

“பியானோ இருக்குதுங்களே” என்றாள் கஸ்தூரி.

எங்கள் வீட்டில் பியானோ இருப்பது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. நான்கு வருடத்துக்கு முன் மாடியில் ஒரு வெள்ளைக்காரர் குடியிருந்தார். மலையைப் பார்த்தபடி உட்கார்ந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மின்சாரப் பியானோ வாசிப்பார். நாலு மாதம் அவர் வாசித்ததில் எங்களுக்குக் கேட்டதெல்லாம் கட்டைகள் தடதடவென்று அமுங்கும் சத்தம்தான். ஊருக்குத் திரும்பும்போது, விமானத்தில் கொண்டுபோக முடியாது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுப்போனார். கஸ்தூரி அதன்மேல் பழைய போர்வையை விரித்தாள். அன்று முதல் அது இஸ்திரி போடும் மேசை. என் காக்கிச் சட்டைகள் எல்லாம் பியானோவின்மேல்தான் மடிப்புக் கலையாமல் கிடந்திருக்கின்றன.

போர்வையை எடுத்தோம். சேகர் வந்து மின்சார ஒயரைச் சரிசெய்தான். நான் குனிந்து கீழே பார்த்தேன். காலடியில் மூன்று பெடல்கள் வரிசையாக இருந்தன.

கிளட்ச், பிரேக், ஆக்சிலேட்டர்.

மூன்று வாரமாக என் கால்களுக்கு வேலையே இல்லாமல் இருந்தது.

*

எனக்குச் சங்கீதம் தெரியாது. சொல்லித்தர ஆளும் இல்லை. செல்போனில் ஒருவர் பாடம் நடத்தினார். விரல்களுக்கு எண் வைக்கவேண்டும் என்றார்: கட்டைவிரல் ஒன்று, சுண்டுவிரல் ஐந்து. எங்கள் வண்டிக்கும் ஐந்து கியர். இது நமக்கு வந்துவிடும் என்று எனக்கு அப்போதே தைரியம் வந்தது.

முதல் மூன்று வாரம் விரல் விழுந்தால் விழுந்ததுதான். ஒரு கட்டையை அமுக்கினால் விரல் அதன்மேலேயே படுத்துவிடும். வலது கையால் அதைத் தூக்கி அடுத்த கட்டையில் வைக்கவேண்டும், பழுதான வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போவது போல. ஐந்து சுரம் வாசித்து முடிக்க ஒரு டீ ஆறிவிடும்.

அதற்குள் என் கால் தானாகவே வேலையை ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொரு கட்டைக்கும் முன்னால் இடது கால் இடது பெடலை மிதித்தது. கட்டை மாறியதும் மெதுவாக விட்டது. போனில் இருந்த ஆசிரியர் வலது பெடலை மட்டும் வலது காலால் மிதிக்கச் சொன்னார். மிதித்தால் சத்தம் நீண்டுகொண்டே போனது. ஆக்சிலேட்டர்தானே, சரியாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் கிளட்ச் மிதிக்காமல் கியர் மாற்ற என்னால் முடியாது. அப்படிச் செய்தால் பியானோவுக்குள் எதுவோ உடைந்துவிடும் என்றே தோன்றியது.

கையும் அப்படித்தான். கட்டைக்குக் கட்டை நேராகப் போகாது. முதலில் எழும்பி, நடுவில் வந்து, அந்தரத்தில் நின்று, அங்கிருந்துதான் அடுத்ததற்கு இறங்கும். பாடத்தில் ஒன்றாவது விரலுக்கு அப்புறம் மூன்றாவது என்று இருந்தால், நான் இரண்டாவதையும் தொட்டுவிட்டுத்தான் மூன்றாவதற்குப் போவேன். ஐந்திலிருந்து ஒன்றுக்குத் தாவச் சொன்ன பாடத்தை அப்படியே விட்டுவிட்டேன். ஓடுகிற வண்டியில் அப்படிச் செய்கிறவன் ஓட்டுநரே இல்லை.

கஸ்தூரி அடுப்படியிலிருந்து கேட்டாள்:

“ஏங்க, பாட்டு நடுவுல எதுக்கு இத்தன வாட்டி நிக்கறீங்க? எல்லா ஸ்டாப்புலயும் ஆள் ஏறுதா?”

*

ஆயுத பூசை வந்தது. பணிமனையில் வண்டிகளுக்குச் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று கட்டி, டயருக்கு அடியில் எலுமிச்சை வைத்து, ஒவ்வொருவரும் அவரவர் வண்டியை ஒரு முறை நகர்த்துவோம். அந்த வருடம் என் வண்டியை வேறு ஓட்டுநர் நகர்த்தினார். சேகர் படம் அனுப்பினான். என் வண்டிக்கு மாலை கொஞ்சம் கோணலாகப் போட்டிருந்தார்கள். சாப்பிடப் பிடிக்கவில்லை.

சாயங்காலம் கஸ்தூரி என்னைக் கூப்பிட்டாள். பியானோவின் இரண்டு பக்கமும் வாழைக்கன்று நின்றது. வெள்ளைக் கட்டைகளில் சந்தனம், கறுப்புக் கட்டைகளில் குங்குமம். மூன்று பெடலுக்கும் அடியில் மூன்று எலுமிச்சம்பழம்.

“மிதிங்க” என்றாள்.

மிதித்தேன். மூன்றும் நசுங்கின. நான் அழுதேன். எலுமிச்சைச் சாறு கண்ணில் தெறித்துவிட்டது என்றேன். பழம் காலுக்கடியில், கண் மேலே இவ்வளவு தூரத்தில் இருக்கிறதே என்று அவள் கேட்கவில்லை. அந்த இடது பெடல் அன்றிலிருந்து ஒட்டிக்கொண்டு ‘சொத்’தென்று மேலே வருகிறது.

மறுவாரம், காலையில் ஸ்பிளின்டைக் கழற்றிக் கை கழுவும்போது மணிக்கட்டு லேசாக எழும்பியது. ஒரு நெல்மணி உயரம் இருக்கும். கஸ்தூரியைக் கூப்பிட்டேன். அவள் வருவதற்குள் இறங்கிவிட்டது. மறுபடி எழுப்பிக் காட்டக் கால் மணி நேரம் ஆயிற்று. அதுவரை அவள் அடுப்பில் பால் வைத்திருப்பதையும் மறந்து நின்றாள். பால் பொங்கிப் போனது. இரண்டு பேருக்கும் வருத்தமில்லை.

பிறகு விரல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. பாட்டு மட்டும் வரவே இல்லை. போன் ஆசிரியரின் முதல் பாட்டே நின்று நின்று மூச்சிரைத்தது. ஒருநாள் வெறுத்துப்போய், எங்கள் தடத்தில் எனக்குப் போட்டியாக ஓடும் தனியார் பேருந்தின் ஹாரனை வாசித்துப் பார்த்தேன். எட்டே சுரம்தான். பத்தொன்பது வருடம் பின்னாலிருந்து கேட்ட எரிச்சல், சுரம் தப்பாமல் வந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெருவில் போய்க்கொண்டிருந்த பால்காரர் சைக்கிளை ஓரம் கட்டிவிட்டு, திரும்பித் திரும்பிப் பேருந்தைத் தேடிக்கொண்டிருந்தார். என் வாசிப்புக்குக் கிடைத்த முதல் பாராட்டு அதுதான்.

பிசியோதெரபி மேடத்திடம் அதை மேசையில் வாசித்துக் காட்டினேன். அவர் என் கையையே உற்றுப் பார்த்தார்.

“ஒவ்வொரு கட்டைக்கும் நடுவுல எதுக்கு சார் கையத் தூக்கி நிறுத்தறீங்க?”

“நியூட்ரலுக்கு வரணும்ல மேடம்.”

எந்தக் கியரிலும் இல்லாத நடு இடம்தான் நியூட்ரல் என்று அவருக்குப் புரியவைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் சிரித்துச் சிரித்துத் தண்ணீர் குடித்தார்.

“பியானோ டீச்சர் யாராவது பாத்தா உங்களத் திட்டுவாங்க. நான் திட்ட மாட்டேன். பத்து வாட்டி தூக்குங்கன்னா நீங்க ஆறு வாட்டிதான் தூக்குவீங்க, எனக்குத் தெரியும். இதுல ஒரு பாட்டுக்கு நூறு வாட்டி தூக்கறீங்க. இப்படியே தப்பாவே வாசிங்க.”

இதைப் படிக்கிறவர்கள் பியானோ நரம்பை வளர்க்கும் என்று நினைத்துவிட வேண்டாம். நரம்பு அதன் வேகத்தில்தான் வந்தது. அது வந்து சேர்கிற வரை கை இறுகிப்போகாமலும், நான் பைத்தியமாகாமலும் இருக்க உதவியது, என் தப்பான வாசிப்பு.

*

தீபத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது மருத்துவரிடம் போனேன். மணிக்கட்டு எழுந்தது. நான்கு விரல்களும் எழுந்தன. கட்டைவிரல் மட்டும் வெளிப்பக்கமாகப் பாதி வந்து நின்றுகொண்டது.

“இது கம்மியாத்தான் வருது. கடைசியா திரும்பறதும் இதுதான். தீபம் முடியட்டும், பாக்கலாம்.”

“சார், தீபத்துக்கு வண்டி எடுக்கணும் சார்.”

“உங்க வண்டியில அறுபது பேர் உக்காருவாங்கல்ல?”

ஒன்றாவது விரல்தான் வரவில்லை, வண்டியை இரண்டாவது கியரில் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்ல நினைத்தேன். அவர் சிரிக்கிற மனநிலையில் இல்லை. நானும் இல்லை. மருத்துவமனை இருந்த வேங்கிக்காலிலிருந்து வீடு வரை பேருந்தில் வந்தேன், ஜன்னலோர இருக்கையில், பயணியாக. ஓட்டுநரின் முதுகை வழி முழுக்கப் பார்க்கப் பிடிக்கவில்லை.

தீபத்தன்று எனக்கு லைட் டூட்டி கொடுத்தார்கள். வேலூர் சாலையில் போட்டிருந்த தற்காலிகப் பேருந்து நிலையத்தில் வலது கையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று கத்தவேண்டும். காலையிலிருந்து கத்தினேன். சாயங்காலம் ஆறு மணி நெருங்கியதும் கூட்டம் சத்தம் குறைந்து மலைப்பக்கம் திரும்பியது. பூரி சுட்டுக்கொண்டிருந்தவரும் கரண்டியோடு திரும்பி நின்றார்.

அந்த நேரம் பார்த்து ஒரு வண்டி உள்ளே ஊர்ந்து வந்தது. என் வண்டி. அந்த முன் கண்ணாடிக் கீறலை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும். ஓட்டி வந்தவர் வெளியூர்க்காரர், தீபத்தைப் பார்த்ததே இல்லையாம். சரியாக அப்போது உச்சியில் நெருப்பு தெரிந்தது. கூட்டம் அரோகரா என்றது. அவரும் மலையைப் பார்த்துவிட்டார். வண்டி நடை வேகத்தில் வந்துகொண்டே இருந்தது. அதன் முன்னால் ஒரு குடும்பம், முதுகைக் காட்டிக்கொண்டு, கைகளைத் தலைக்கு மேல் கூப்பி நின்றது.

நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியாது. வண்டி நின்றது. அது மட்டும்தான் தெரிந்தது.

படிக்கட்டிலிருந்து சேகர் குதித்து ஓடி வந்தான். வாயிலிருந்து விசில் விழுந்து கயிற்றில் ஆடியது.

“அண்ணே! கை! கையப் பாருங்கண்ணே!”

பார்த்தேன். இடது கை முன்னால் நீண்டிருந்தது. மணிக்கட்டு எழுந்து, உள்ளங்கை நிமிர்ந்து, ஐந்து விரலும் விரிந்து நின்றது. கட்டைவிரலும் முழுதாக விலகி நின்றது. சாலையோரத்தில் நின்று எனக்குக் கை காட்டுகிறவர்கள் இப்படித்தான் காட்டுவார்கள்.

கீழே இறக்க மனம் வரவில்லை. இறக்கினால் மறுபடி எழாமல் போய்விடுமோ என்று அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். மைக் வாய்க்குப் பக்கத்திலேயே இருந்ததை மறந்துவிட்டேன். நான் அழுத சத்தம் வேலூர் சாலை முழுக்கக் கேட்டது என்று பிறகு சொன்னார்கள். யாரோ பக்தர் என்று நினைத்துக் கூட்டம் இன்னும் உரக்க அரோகரா போட்டது.

*

இரண்டு வாரம் கழித்துச் சான்று கிடைத்தது. காலி வண்டியில் பணிமனையின் ஓட்டுநர் பயிற்சியாளர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

“இன்னாய்யா ஏழுமலை, எப்பவும் கியர் மேலயே கைய வெச்சிக்கினு வருவியே. திட்டித் திட்டி என் வாயே வலிச்சுது. இப்ப மாத்தின உடனே எடுத்துடற?”

பியானோவைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை.

இப்போது மறுபடி வேலூருக்கு ஓட்டுகிறேன். குளிர் நாளில் கட்டைவிரல் கொஞ்சம் தாமதமாக வருகிறது, காத்திருக்கிறேன். வீட்டில் தினமும் கொஞ்ச நேரம் வாசிக்கிறேன். இன்னும் கிளட்ச் மிதித்துத்தான். இஸ்திரி போட இடமில்லை என்று கஸ்தூரி ஒரு மேசை கேட்டிருக்கிறாள்.

முன்பெல்லாம் விரலைத் தூக்குவது ஒரு வேலை என்றே எனக்குத் தெரியாது. அமுக்குவதும் பிடிப்பதும் இழுப்பதும்தான் கை என்று நினைத்திருந்தேன். இப்போது ஒவ்வொரு முறை கியரிலிருந்து கை எழும்போதும், அது எழுவது எனக்குத் தெரிகிறது. மேல்கையில் அந்தக் கம்பி அழுத்திய இடத்திலிருந்து விரல்நுனி வரை, நாளுக்கு ஒரு மில்லிமீட்டராக யாரோ நடந்து வந்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

போளூர் தாண்டியதும் நிறுத்தம் இல்லாத இடங்களில் ஆட்கள் நிற்பார்கள். மூட்டையோடு, பிள்ளையோடு, ஒரு கையை முன்னால் நீட்டிக்கொண்டு. முன்பு கடந்து போய்விடுவேன். இப்போது கால் கிளட்ச்சை மிதித்துவிடுகிறது. தினமும் வேலூருக்குப் பத்து நிமிடம் தாமதமாகத்தான் போகிறேன்.

“இன்னாண்ணே, கண்ட எடத்துலல்லாம் நிறுத்தறீங்க?” என்கிறான் சேகர்.

“கையத் தூக்கறாங்களேடா” என்கிறேன்.